30 சென்டிமீட்டர் மீனும் 30 மில்லிகிராம் எண்ணெயும்

டர்பனில் தூண்டில் போடும் நம் ஆட்களில் யாரைக் கேட்டாலும் ஷேட் மீனின் கணக்கைத் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். நீளம் 30 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 மீன். அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் தொடவே கூடாது. புரட்டாசி விரதம் முடிந்து மீன் குழம்புக்கு வீடே ஏங்கும் நேரத்தில்தான் ஷேட்டுக்குத் தடைக்காலம் நடக்கும்; பெரியவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வேறு மீன் வாங்குவார்கள். மியர்பேங்க் பக்கம் கட்டிங்ஸ் பீச்சில் அப்பா தூண்டிலோடு நிற்கும்போது அவர் பையில் மத்தி மீன் இரை, ஈயக்குண்டு, நூல் இவற்றோடு ஒரு மர அளவுகோலும் இருக்கும். அதிகாரி வந்தால் மீனை அதன்மேல் வைத்துக் காட்டிவிடலாம். அளவு என்ன, எப்படி அளப்பது, யார் பார்ப்பார்கள், மீறினால் என்ன ஆகும் என்ற நான்கு கேள்விக்கும் மணலில் நிற்பவரிடம் பதில் இருக்கிறது.

அதே கடலுக்குள் விடப்படுகிற எண்ணெய்க் கழிவுநீரைப் பற்றி இந்த நான்கு கேள்விகளைக் கேட்டால் என்ன பதில் வரும்? ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் 11 ஆண்டு தண்ணீர் மாதிரிகளோடு வேலை பார்த்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவரை விளக்கப் பார்க்கிறேன்.

தென் டர்பனுக்கும் எண்ணெய்க்கும் உறவு பழையது. 1954-ல் வென்ட்வொர்த்தில் ஒரு சுத்திகரிப்பு ஆலை வந்தது. 1963-ல் இசிப்பிங்கோ பக்கம் பிராஸ்பெக்டனில் இன்னொன்று. நடுவில் மியர்பேங்க். 1860 நவம்பரில் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்திறங்கியவர்களும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் ஒப்பந்தக் காலம் முடிந்ததும் இந்தப் பக்கமெல்லாம் காய்கறித் தோட்டம் போட்டார்கள், கரைவலை இழுத்தார்கள். அப்புறம் நிறவெறி அரசின் குடியிருப்புச் சட்டம் இன்னும் பல குடும்பங்களை ஆலைகளுக்கு நடுவில் கொண்டுவந்து வைத்தது. இன்று இரண்டு ஆலையிலும் கச்சா எண்ணெய் காய்ச்சுவதில்லை. ஒன்று 2020 டிசம்பரில் நடந்த வெடிவிபத்தோடு நின்றது. இன்னொன்று 2022 மார்ச்சில் மூடப்பட்டது. அடுத்த மாதமே பெருவெள்ளம் அதை மூழ்கடித்தது. 2024-ல் அரசு நிறுவனம் அதை 1 ராண்டுக்கு வாங்கியது. இதோடு எண்ணெய்ப் பிரச்சினை தீர்ந்தது என்று கோயில் வாசலில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது கரையை விட்டுக் கடலுக்குள் நகர்ந்திருக்கிறது.

2019-ல் தென்கடற்கரைக்கு அப்பால் ஆழ்கடலில் புருல்பாடா என்ற இடத்திலும், 2020-ல் அதன் பக்கத்திலேயே லைபர்ட் என்ற இடத்திலும் டோட்டல் நிறுவனம் இயற்கை எரிவாயு கண்டுபிடித்தது. 2024-ல் அந்த நிறுவனம் விலகிக்கொண்டது. வாயு அங்கேயேதான் இருக்கிறது. நம் குவாஸுலு-நட்டால் மாகாணக் கடலிலும் ஆய்வுக் கிணறு தோண்ட 2019-ல் ஒரு சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கப்பட்டது. மேற்கே நமீபியா கடலில் 2022-ல் பெரிய எண்ணெய் வளம் தென்பட்டபின், எல்லைக்கு இந்தப் பக்கமும் நிறுவனங்களின் கண் விழுந்திருக்கிறது. 2024 அக்டோபரில் எண்ணெய், எரிவாயு எடுப்புக்கென்றே தனியாக ஒரு சட்டத்தில் ஜனாதிபதி கையெழுத்துப் போட்டார். கிணறு தோண்டுவதைப் பற்றிப் பேசினால் எல்லோரும் வேலைவாய்ப்பு, கடலடியை ஒலி அலை விட்டு ஆராய்வது, எண்ணெய்க் கசிவு என்று பேசுகிறார்கள். கிணறு ஒழுங்காக, விபத்தில்லாமல் ஓடினாலும் தினமும் வெளியே வருகிற தண்ணீரைப் பற்றி அநேகமாக யாரும் பேசுவதில்லை.

கூடவரும் தண்ணீர்

எண்ணெயும் வாயுவும் நிலத்துக்கடியில் குளம்போலத் தேங்கி நிற்பதாகத்தான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் அவை பாறையின் நுண்துளைகளில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதே துளைகளில் கோடிக்கணக்கான ஆண்டுப் பழமையான உப்புத் தண்ணீரும் இருக்கிறது. எண்ணெயை மேலே இழுத்தால் இந்தத் தண்ணீரும் கூடவே ஏறிவரும். புரொட்யூஸ்டு வாட்டர் என்று துறையில் சொல்வார்கள். நான் கூடவரும் தண்ணீர் என்றே சொல்கிறேன். உலக அளவில் 1 பீப்பாய் எண்ணெய்க்கு 3 பீப்பாய் தண்ணீர் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. கிணறு புதிதாக இருக்கும்போது தண்ணீர் குறைவாக வரும். வயதாக ஆக எண்ணெய் குறைந்து தண்ணீர் கூடும். கடைசிக் காலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். அனுமதி கேட்கும்போது காட்டப்படும் முதல் ஆண்டுக் கணக்கை மட்டும் பார்த்து நாம் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக இதை அழுத்திச் சொல்கிறேன்.

அந்தத் தண்ணீரில் என்ன இருக்கும்? முதலில் உப்பு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. சில வயல்களின் தண்ணீரில் அது 300 கிராம்வரை போகும். அப்புறம் பொடிப்பொடியாகக் கலந்த எண்ணெய்த் துளிகள், கரைந்துபோன பென்சீன், டொலுயீன், பீனால், பேரியம், துத்தநாகம் மாதிரி உலோகங்கள், பாறையிலிருந்தே வரும் ரேடியம். நிறுவனமே சேர்க்கும் ரசாயனங்களும் உண்டு: குழாய் துருப்பிடிக்காமல் இருக்க ஒன்று, உப்பு படியாமல் இருக்க ஒன்று, கிருமி கொல்ல ஒன்று. எரிவாயுக் கிணறு என்றால் தண்ணீரின் அளவு குறைவாக இருக்கும். ஆனால் பென்சீன் வகையறா அதில் கூடுதல். குழாய் உறையாமல் இருக்க விடும் மெத்தனால், கிளைக்கால் போன்றவையும் சேர்ந்துவிடும். தென்னாப்பிரிக்கக் கடலில் இதுவரை பெரிதாகக் கிடைத்தது வாயு என்பதால், தண்ணீர் கொஞ்சம்தானே என்ற சமாதானம் நமக்குப் போதாது.

இந்தத் தண்ணீரை என்ன செய்யலாம்? திரும்ப நிலத்துக்குள்ளேயே அழுத்தி அனுப்பலாம். சுத்தப்படுத்திக் கடலிலோ ஆற்றிலோ விடலாம். வேறு வேலைக்குப் பயன்படுத்தலாம். திரும்ப அனுப்புவதுதான் பெரும்பாலும் நல்லது, ஆனால் அதிலும் வினை உண்டு. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் கண்டபடி ஆழத்தில் அழுத்தியதால் நிலம் குலுங்க ஆரம்பித்தது; 2016 செப்டம்பரில் பாவ்னி ஊரில் 5.8 அளவு நிலநடுக்கமே வந்தது. கடலில் கிணறுகளுக்கு மேல் நிற்கும் கடல்மேடைகளில் பெரும்பாலும் இரண்டாவது வழிதான். எண்ணெய், வாயு, தண்ணீர் மூன்றையும் ஒரு பெரிய தொட்டியில் பிரிப்பார்கள். தண்ணீரை ஹைட்ரோசைக்ளோன் என்ற சுழல் குழாயில் வேகமாகச் சுற்றவிட்டு எண்ணெயை நடுவில் சேர்த்து எடுப்பார்கள். பிறகு வாயுக் குமிழிகளை விட்டு மிச்சத் துளிகளை மேலே மிதக்கவைத்து வழித்து எடுப்பார்கள். அதற்கப்புறம் கடல்.

ஜாடியில் தெரிவதும் தெரியாததும்

அப்பா ஒரு சுத்திகரிப்பு ஆலையின் கழிவுநீர்ப் பகுதியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் மெட்ரிக் படித்த காலத்தில் வேதியியல் புரியவில்லை என்று புலம்பியபோது, ஊறுகாய் போடும் கன்சோல் ஜாடியில் தண்ணீரை ஊற்றி, கார் எஞ்சின் எண்ணெய் ஒரு கரண்டி விட்டு, மூடியை இறுக்கிக் குலுக்கி ஜன்னல் திட்டில் வைத்தார். பால் மாதிரி கலங்கியது. "தொடாதே. அப்படியே இருக்கட்டும், சாயங்காலம் பார்க்கலாம்," என்றார். சாயங்காலம் மேலே தடிமனாக எண்ணெய், அதற்குக் கீழே கலங்கலான தண்ணீர். மறுநாள் காலையில் தண்ணீர் ஓரளவு தெளிந்திருந்தது. பிரிப்பான் தொட்டி செய்வது இதைத்தான், எண்ணெய் மிதந்து வரும்வரை காத்திருப்பது. அப்புறம் அவர் ஜாடியைத் திறந்து, மேலே இருந்த எண்ணெயைப் பழைய துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, "இப்போ மோந்து பார்," என்றார். தெளிந்த தண்ணீரில் பெட்ரோல் பங்க் வாசனை அடித்தது.

அந்த வாசனைக்கு வேதியியலில் ஒரு பெயர் இருக்கிறது, தண்ணீரில் கரைந்த எண்ணெய்ப் பொருள். கடல்மேடைக் கழிவுநீருக்கு உலகம் வைத்திருக்கும் பிரபலமான அளவுகள் இந்தக் கரைந்த பங்கைப் பெரும்பாலும் கணக்கிலேயே எடுப்பதில்லை. வடகிழக்கு அட்லாண்டிக் நாடுகளின் ஓஸ்பார் உடன்பாட்டில் அளவு லிட்டருக்கு 30 மில்லிகிராம். அதற்கு முன் 40 ஆக இருந்தது. அமெரிக்கா மாத சராசரியாக 29, எந்த ஒரு நாளிலும் 42 என்று வைத்திருக்கிறது. உலக வங்கிக் குழுமத்தின் ஐ.எஃப்.சி. வழிகாட்டியிலும் அதே 29, 42. இவை எல்லாமே முதன்மையாகத் துளியாக மிதக்கும் எண்ணெய்க்கான எண்கள். ஓஸ்பாரின் சோதனை முறையில் பென்சீன் குடும்பத்துச் சேர்மங்கள் கணக்குக்கு வெளியே நிற்கும். அமெரிக்க முறையில் மாதிரியை ஹெக்சேன் என்ற கரைப்பானோடு குலுக்கி, கரைப்பானை ஆவியாக்கி, மிஞ்சுவதை எடை போடுவார்கள். ஆவியாக்கும்போதே பென்சீன் போன்ற எளிதில் ஆவியாகும் பொருள்களும் பறந்துவிடும். தராசில் நிற்பது கனமான மிச்சம் மட்டும். 30-க்குக் கீழே இருக்கிறது என்று ஒரு நிறுவனம் சொன்னால் அது பொய்யில்லை. ஆனால் அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதற்கு அது முழுப் பதிலும் ஆகாது.

மாதிரி எடுப்பதில் நடக்கும் சங்கதி இதைவிடச் சிக்கலானது. எண்ணெய்ச் சோதனைக்கான மாதிரியைக் கண்ணாடிப் பாட்டிலில்தான் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் என்றால் எண்ணெய் சுவரில் ஒட்டிக்கொள்ளும். எடுத்த உடனே அமிலம் விட்டு, குளிரில் வைத்து அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் கிருமிகள் எண்ணெயைத் தின்ன ஆரம்பித்துவிடும். ஆய்வுக்கூடத்தில் பாட்டிலிலிருந்து கொஞ்சம் ஊற்றி எடுத்துச் சோதிக்கக் கூடாது. முழுப் பாட்டிலையும் சோதித்து, காலி பாட்டிலைக் கரைப்பானால் அலசி அதையும் சேர்க்க வேண்டும். நான் வேலை பார்த்த இடத்துக்கு ஒரு முறை ஒரு வாடிக்கையாளரிடமிருந்து குளிர்பான பிளாஸ்டிக் பாட்டில்களில் 6 மாதிரி வந்தது. பாட்டிலைச் சாய்த்தால் உள்சுவரில் பழுப்பாக ஒரு வளையம் தெரிந்தது. தண்ணீர் மட்டும் தெளிவு. இதைச் சோதிக்கக் கூடாது, திருப்பி அனுப்புங்கள் என்று மேலாளரிடம் சொன்னேன். வாடிக்கையாளரை இழக்க முடியாது என்றார். கடைசியில் முடிவோடு, மாதிரி முறையான பாட்டிலில் வரவில்லை என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினோம். அந்த முடிவு எண் அழகாக அளவுக்குள் இருந்தது. அந்த ஒரு வரி பிறகு எந்த அறிக்கையில் தங்கியது, எதில் காணாமல் போனது என்று எனக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. அந்த நினைவு இன்றும் உறுத்துகிறது.

சராசரியிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரு மாதத்தில் 29 நாள் 20 மில்லிகிராம், ஒரே ஒரு நாள் 300 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 29.3. மாத அளவு 30 என்றால் தேர்ச்சி. ஆனால் அந்த ஒரு நாளில் அங்கே நீந்திய மீன் குஞ்சுக்குச் சராசரி கிடையாது. இதனால்தான் நாள் உச்ச அளவும் சேர்ந்து இருக்க வேண்டும். இன்னொன்று, மொத்த எடை. லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்றால் 1,000 கன மீட்டர் தண்ணீரில் 30 கிலோ எண்ணெய். கிணறுகள் பழசாகி ஒரு நாளைக்கு 20,000 கன மீட்டர் தண்ணீர் வந்தால், அதே 30 மில்லிகிராமில் தினமும் 600 கிலோ, ஆண்டுக்கு 219 டன். செறிவுக்கு மட்டும் வரம்பு போட்டு மொத்தத்துக்குப் போடாத அனுமதி, கிணற்றின் வயதோடு தானாகவே தளர்ந்துகொண்டே போகும். ஓஸ்பார் நாடுகள் 2012-லிருந்து இன்னொரு படி போயின. எண்ணெயின் எடையோடு நிற்காமல், கழிவுநீர் முழுவதும் கடல் உயிருக்கு என்ன ஆபத்து தரும் என்றும் மதிப்பிடச் சொல்கின்றன. இது டர்பனுக்கும் புதிதில்லை. நகரத்தின் கடல் குழாய்களில் போகும் கழிவுநீரைக் கடல் முள்ளெலியின் முட்டையும் விந்தும் கூடுகின்றனவா என்று பார்த்துச் சோதிக்கும் முறையை சி.எஸ்.ஐ.ஆர். என்ற தேசிய ஆய்வு நிறுவனம் இங்கே பயன்படுத்தியிருக்கிறது. எந்த ரசாயனம் என்று பெயர் தெரியாவிட்டாலும், முட்டை கருவாகவில்லை என்றால் தண்ணீரில் ஏதோ கெட்டது இருக்கிறது என்று தெரிந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

சட்டம் எங்கே எழுதப்படுகிறது

தென்னாப்பிரிக்காவில் சட்டத்துக்குக் குறைவில்லை. அரசமைப்பின் 24-வது பிரிவே உடல்நலத்துக்குக் கேடில்லாத சுற்றுச்சூழலை உரிமையாகத் தருகிறது. 1998-ன் தேசிய நீர்ச் சட்டப்படி கழிவுநீரை ஆற்றில் விடுவதே ஒரு "நீர்ப் பயன்பாடு". உரிமமோ பொது அனுமதியோ வேண்டும். 2013-ல் அரசிதழில் வந்த பொது அனுமதியின் அட்டவணையில் எண்கள் அப்பட்டமாக இருக்கின்றன. சோப்பு, எண்ணெய், கொழுப்பு மூன்றும் சேர்த்து லிட்டருக்கு 2.5 மில்லிகிராம், சிறப்புப் பாதுகாப்புள்ள ஆறுகளில் பூஜ்யம். கரையிலிருந்து கடலுக்குள் விட்டால் 2008-ன் கடலோர மேலாண்மைச் சட்டத்தின் 69-வது பிரிவு வருகிறது, அதற்குத் தனி அனுமதிச் சீட்டு. இந்த 69-வது பிரிவு சொல்வது நிலத்தில் உண்டாகும் கழிவைப் பற்றி.

அப்படியானால் கடலிலேயே நிற்கும் மேடையில் உண்டாகும் கழிவு? கப்பல் மாசைத் தடுக்கும் மார்போல் உடன்படிக்கை இருக்கிறதே என்று தோன்றும். அது மேடையின் எஞ்சின் அறைத் தண்ணீருக்கு 15 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 15 பங்கு எண்ணெய், என்று வரம்பு போடுகிறது. கிணற்றிலிருந்து கூடவரும் தண்ணீரை அது தன் வரம்புக்கு வெளியே விட்டுவிடுகிறது. அதை அந்தந்த நாடு பார்த்துக்கொள்ளட்டும் என்பது ஏற்பாடு. தென்னாப்பிரிக்காவின் 1981-ம் ஆண்டுக் கடல் மாசுச் சட்டத்தில் கடல்மேடைகளும் சேர்ந்திருக்கின்றன, ஆனால் அதன் மனதில் இருந்தது எண்ணெய் கொட்டுவதும் அதற்கான நட்ட ஈடும். தினசரி ஓடும் கழிவுநீருக்கான எண் நடைமுறையில் எழுதப்படும் இடம் வேறு, ஒவ்வொரு திட்டத்துக்கும் தயாரிக்கப்படும் சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டம். அதை எழுதுவது நிறுவனம் அமர்த்திய ஆலோசகர். அனுமதி கிடைத்ததும் அதில் உள்ளது கட்டுப்படுத்தும் நிபந்தனையாகிவிடும். மீறினால் சட்டப்படி 1 கோடி ராண்டுவரை அபராதம், 10 ஆண்டுவரை சிறை. தண்டனை பலமாகத்தான் இருக்கிறது. எண்ணை முன்மொழிவது யார் என்பதில்தான் என் கவலை.

அனுமதி தருவது யார் என்பதும் முக்கியம். 2014 டிசம்பரிலிருந்து நடைமுறையில் உள்ள ஏற்பாட்டில், சுரங்கம், எண்ணெய்த் திட்டங்களுக்கான சுற்றுச்சூழல் அனுமதியைக் கனிம வளத்துக்குப் பொறுப்பான அமைச்சகம் தருகிறது. மேல்முறையீடு மட்டும் சுற்றுச்சூழல் அமைச்சரிடம். எண்ணெய் எடுப்பை வளர்ப்பதும், அதன் கழிவுக்கு வரம்பு போடுவதும் ஒரே கையில். அந்த அமைச்சகத்தில் நேர்மையானவர்கள் நிறையப் பேர் இருக்கலாம். ஆனாலும் ஒரே கை இரண்டு வேலையும் செய்வது சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

இந்தக் கேள்வி ஏற்கனவே ஒரு முறை நீதிமன்றம்வரை போனது. கரூ வறண்ட நிலத்தில் பாறையை உடைத்து ஷேல் வாயு எடுக்க 2015 ஜூனில் விதிகள் வந்தன. கழிவுநீரை ஆழ்கிணற்றில் அழுத்தி ஒழிப்பதை அந்த விதிகள் தடை செய்தன. அந்த ஒன்றில் அவை கறாராகவே இருந்தன. ஆனால் விதிகளை எழுதியவர் கனிம வள அமைச்சர். விவசாயிகளும் அமைப்புகளும் வழக்குப் போட்டார்கள். சுற்றுச்சூழல் பற்றி விதி எழுதும் அதிகாரம் அவருக்கு இல்லை என்று 2019 ஜூலையில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதிகளை ரத்து செய்தது. யார் எழுத வேண்டும் என்ற கேள்வியை ஒரு சடங்காக நினைக்காமல் நீதிமன்றம் எடுத்துக்கொண்டது எனக்கு ஆறுதல் தந்தது.

கரூவில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. விதி இல்லாமல் வாயு எடுக்க ஆரம்பித்தால் கழிவுநீர் எங்கே போகும்? பக்கத்து ஊர் நகராட்சியின் கழிவுநீர் நிலையத்துக்குத்தான் லாரி போகும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அதுதான் நடந்தது. நகராட்சி நிலையங்கள் மலத்தையும் சோப்பையும் கையாளக் கட்டப்பட்டவை. உப்பை அவற்றால் எடுக்க முடியாது. 2008-ல் மொனோங்கஹேலா ஆற்றில் உப்பு ஏறியதும் மக்களுக்குக் குழாய்த் தண்ணீர் பற்றி எச்சரிக்கை கொடுக்க வேண்டிவந்தது. 2011-ல் மாநிலம் நிறுவனங்களை நிறுத்தச் சொன்னது. 2016-ல் மத்திய அரசே ஷேல் கழிவை நகராட்சி நிலையங்களுக்கு அனுப்பத் தடை போட்டது. நம் நிலவரம் என்ன? 2022-ல் வந்த நீர்த் துறையின் கிரீன் டிராப் அறிக்கை, நகராட்சிகள் நடத்தும் கழிவுநீர் அமைப்புகளில் 334, அதாவது 39 சதவீதம், மிக மோசமான நிலையில் இருப்பதாகச் சொன்னது. வீட்டுக் கழிவையே தாங்காத நிலையங்கள் அவை.

வாளியால் கற்றது

ஒழுங்குமுறை வேலை செய்ய என்ன வேண்டும் என்று தென் டர்பனுக்கு நன்றாகவே தெரியும். கசப்பாகக் கற்றது அது. 1980-ம் ஆண்டின் முக்கிய இடங்கள் பாதுகாப்புச் சட்டம் சுத்திகரிப்பு ஆலைகளையும் போர்த்தி வைத்திருந்தது. நிறவெறி போன பிறகும் பல ஆண்டு அது அமலில் இருந்தது. பாதுகாப்பு என்ற பெயரில் தகவல் கேட்டவர்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. 2001-ல் வென்ட்வொர்த்தில் வீடுகளுக்கு அடியில் போன குழாயிலிருந்து 10 லட்சம் லிட்டருக்கு மேல் பெட்ரோல் மண்ணில் ஊறியது. மூக்குதான் முதலில் கண்டுபிடித்தது. தென் டர்பன் சமூகச் சுற்றுச்சூழல் கூட்டணியும் கிரவுண்ட்வர்க் அமைப்பும் 2000-லிருந்து பிளாஸ்டிக் வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வுக்கு அனுப்பக் குடும்பங்களுக்குச் சொல்லிக்கொடுத்தன. 2002-ல் மியர்பேங்க் செட்லர்ஸ் தொடக்கப் பள்ளியில் நடந்த ஆய்வு, 52 சதவீதக் குழந்தைகளுக்கு ஆஸ்துமா என்று காட்டியது. இந்தக் காலத்தில்தான் அரசு அசைந்தது. பல அம்சத் திட்டம் ஒன்று வந்தது. காற்றை அளக்கும் நிலையங்கள் வந்தன. கந்தக டை ஆக்ஸைடு குறைந்தது. எண்ணை எல்லோரும் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் எண் இறங்கியது.

தண்ணீருக்கு இதைச் செய்வது கடினம். மியர்பேங்க் கழிவுநீர் நிலையத்திலிருந்து கடலுக்கடியில் 4 கிலோமீட்டருக்கு மேல் குழாய் போகிறது. 1960-களின் கடைசியில் போட்டது. வீட்டுக் கழிவும் ஆலைக் கழிவும் முதல்நிலைச் சுத்திகரிப்போடு அதில் போய்க் கடலடியில் பல வாய்களால் பிரிந்து கலக்கின்றன. யாரும் வாளி எடுத்துக்கொண்டு அங்கே போக முடியாது. அதே நிலையத்தில் ஒரு நல்ல காரியமும் நடந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். 2001-ல் தொடங்கிய மறுசுழற்சி ஆலை ஒரு நாளைக்கு 4.75 கோடி லிட்டர்வரை வீட்டுக் கழிவுநீரைக் குடிநீருக்கு நெருக்கமான தரத்துக்குச் சுத்தம் செய்து, காகித ஆலைக்கும் எண்ணெய் ஆலைக்கும் விற்றது. கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர் திரும்பி வந்தது, குடிநீரும் மிச்சமானது. பணமும் மனமும் இருந்தால் நம் ஊரிலேயே முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மேடை கரையிலிருந்து 4 கிலோமீட்டரில் இருக்காது. மொசல் பேயில் 1992-ல் வேலை தொடங்கிய அரசு வாயு ஆலைக்கு வாயு அனுப்பிய எஃப்.ஏ. மேடை கரைக்குச் சுமார் 85 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. லைபர்ட் அதைவிடத் தூரம். அங்கே மாதிரி எடுப்பவர் நிறுவனத்தின் ஆள், ஆய்வுக்கூடத்தைத் தேர்ந்தெடுப்பது நிறுவனம், அறிக்கை எழுதுவதும் நிறுவனம். ஆய்வுக்கூடத்தில் இருந்தவள் சொல்கிறேன், கட்டணம் கொடுப்பவரின் நிழல் எப்போதும் மேஜைமேல் விழும். அதனால்தான் அளவு, சோதனை முறை, நாள் உச்சம், ஆண்டு மொத்தம், உயிர்ச் சோதனை, அறிவிக்காமல் வரும் வெளி ஆள் மாதிரி எடுப்பது ஆகிய எல்லாமே 2024-ன் புதிய எண்ணெய், எரிவாயுச் சட்டத்தின் கீழ் வரும் விதிகளில் எண்ணோடு எழுதப்பட வேண்டும், ஒவ்வொரு நிறுவனத்தின் திட்டத்திலும் தனித்தனியாகப் பேரம் பேசப்படக் கூடாது என்கிறேன். அந்த விதிகளின் கழிவுநீர்ப் பகுதியைச் சுற்றுச்சூழல், நீர்த் துறை அமைச்சர்கள் எழுத வேண்டும். தினசரி முடிவுகள் எல்லோரும் பார்க்கும் இடத்தில் வர வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பது பொதுக் கருத்துக் கேட்பு. 2014-ன் சுற்றுச்சூழல் விதிகளின்படி ஒரு திட்டத்தின் அறிக்கையை மக்கள் பார்வைக்கு வைத்தால் குறைந்தது 30 நாள் கொடுக்க வேண்டும். அறிக்கை பெரும்பாலும் ஊர் நூலகங்களிலும் இணையத்திலும் இருக்கும். அக்கறையுள்ள தரப்பு என்று பெயரைப் பதிவு செய்துகொண்டால் ஒவ்வொரு கட்டத்திலும் தகவல் அனுப்ப அவர்கள் கடமைப்பட்டவர்கள்; எழுதிக் கேட்கும் கேள்விக்கு அறிக்கையில் பதில் எழுதியாக வேண்டும். போன முறை எங்கள் தெருவில் 9 பேர் பதிவு செய்தோம். அறிக்கை 900 பக்கத்துக்கு மேல். மூன்று பேராகப் பிரித்துப் படித்தோம். கழிவுநீர் பற்றி இருந்தது 4 பக்கம். நான் அனுப்பிய கேள்விகள் இவை: கிணற்றின் முதல் ஆண்டில், பத்தாம் ஆண்டில், கடைசி ஆண்டில் நாளொன்றுக்கு எத்தனை கன மீட்டர் தண்ணீர் வரும்? எண்ணெயை எந்த முறையில் அளப்பீர்கள்? கரைந்த பென்சீனுக்கு வரம்பு என்ன? மாதிரி எடுப்பது யார், எந்தப் பாட்டிலில்?

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கடைசிக் கேள்வியைக் கேட்டதும் எழுந்துபோய்த் தன் பையிலிருந்த மர அளவுகோலை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார். 30-ல் சிவப்பு மையால் அவர் போட்ட கோடு உப்புக்காற்றில் பாதி அழிந்திருந்தது. "இதுக்கு மறுபடியும் கோடு போடணும், பேனா இருந்தா குடு," என்றார்.